நிலக்கோட்டையிலிருந்து திண்டுக்கல்லுக்கு, காற்று இறங்கும் டயரோடு

புதன்கிழமை, காலை 7.10. நிலக்கோட்டையில் எங்கள் வீட்டு வாசலில் கார் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன்பக்கம், இடது சக்கரம். முந்தின நாள் மாலைதான் முப்பது பாயின்ட் காற்று அடித்துவிட்டு வந்திருந்தேன். கையிலிருக்கும் சிறிய காற்று மீட்டரை வைத்துப் பார்த்தேன். பத்தொன்பது காட்டியது.

வேறு வேலையாக இருந்தால் இன்னொரு நாள் போகலாம் என்று விட்டிருப்பேன். காருக்கு வயது பதினைந்து முடிகிறது. இன்னும் இரண்டு நாளில் அதன் பதிவுக் காலம் தீர்ந்துவிடும். அதற்குமேல் ஓட்ட வேண்டுமென்றால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, சாலையில் ஓடத் தகுதியானது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கார் வாங்கியபோது நாங்கள் திண்டுக்கல்லில் குடியிருந்ததால் பதிவும் அங்கேதான். அன்று காலை பத்தரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள்.

அதே நாள் பகல் ஒரு மணிக்கு என் கணவர் முருகேசனுக்கு திண்டுக்கல் மருத்துவமனையில் டயாலிசிஸ். திங்கள், புதன், வெள்ளி என்று வாரத்துக்கு மூன்று முறை. இரண்டு வருடத்துக்கு முன் அது தொடங்கிய முதல் மாதம் பஸ்ஸில்தான் போய் வந்தோம். ஒரு நாள் சிகிச்சை முடிந்து திரும்பும்போது பஸ் நிலையத்தில் மயங்கி விழுந்தார். நெற்றியில் நாலு தையல். சர்க்கரையால் கண்ணும் மங்கிவிட்டதால் அவரால் ஓட்ட முடியாது. அதனால் வீட்டில் கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த நான், நாற்பத்தொன்பதாவது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டேன். இந்த வண்டி நின்றால் எங்களுக்கு மறுபடியும் பஸ்தான்.

7.30. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பஞ்சர் கடையில் நிறுத்தினேன். கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றித் தடவினார்.

"ஆணி ஒண்ணும் தட்டுப்படலயே. வால்வு போயிருக்கும். மாத்திவிடுறேன்."

"ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போகணும். ஸ்டெப்னிய மாட்டிருவமா?" என்று கேட்டேன்.

டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது மொட்டையால்ல இருக்கு. இதோட போனீங்கன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவாங்க."

வால்வை மாற்றி முப்பது பாயின்ட் அடித்துக் கொடுத்தார். எண்பது ரூபாய்.

இந்தச் சாலையில் போகாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நிலக்கோட்டையிலிருந்து அம்மையநாயக்கனூர் வரை ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் ஒடுங்கிய சாலை. இரண்டு பக்கமும் மல்லிகைத் தோட்டமும் தென்னந்தோப்பும். காலை நேரத்தில் பூ மூட்டை ஏற்றிய வேன்கள் யாருக்கும் வழி விடாது. பூ வாடினால் விலை போய்விடும் என்பது அவர்கள் அவசரம். அதன்பின் மதுரையிலிருந்து வரும் நான்குவழிச் சாலையில் ஏறினால் திண்டுக்கல்லுக்கு இன்னும் இருபத்தைந்து கிலோமீட்டர். வலப்பக்கம் சிறுமலை கூடவே வரும். மற்ற நாட்களில் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவேன். அன்று அது எந்தப் பக்கம் இருந்தது என்றுகூடத் தெரியவில்லை.

8.05. நான்குவழிச் சாலையில் ஏறுவதற்கு முன் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி மீட்டரை வைத்தேன். இருபத்தேழு. பத்து கிலோமீட்டருக்கு மூன்று பாயின்ட் போயிருக்கிறது. அப்படியானால் வால்வு அல்ல.

"போலாம் சாந்தி. இன்னும் இருபத்தஞ்சு கிலோமீட்டர்தானே," என்றார் அவர். "இதே கணக்குல எறங்குனாக்கூடப் போய்ச் சேர்ந்தப்புறம் பத்தொம்பது இருக்கும். காலைல அந்தப் பத்தொம்பதோடதான கடை வரைக்கும் ஓட்டிட்டு வந்த?"

கணக்கு சரிதான். ஆனால் டயர் ஒரே சீராகத்தான் இறங்கும் என்று யார் சொன்னது? மெதுவாக ஓடும்போது ஒரு கணக்கு, சூடேறினால் வேறு கணக்கு. மணியைப் பார்த்தேன். வண்டியைக் கிளப்பினேன்.

சுங்கச்சாவடியைத் தாண்டியதும் இடது ஓரமாகவே போனேன். ஐம்பதுக்கு மேல் ஏற்றவில்லை. ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் கார் ஒருமுறை குலுங்கியது. ஸ்டீயரிங் இடப்பக்கம் இழுக்க ஆரம்பித்தது. முதலில் லேசாக. பிறகு இரண்டு கையாலும் பிடித்து நிறுத்த வேண்டியதாக இருந்தது.

"இழுக்குதா?" என்றார் அவர்.

"ஆமா."

"செத்த மெதுவாப் போ. பிரேக்க மட்டும் சட்டுனு மிதிச்சிராத."

பின்னால் வந்த ஒரு மோட்டார் சைக்கிள் எங்களை ஒட்டி வந்தது. ஓட்டியவர் கையை ஆட்டி ஏதோ கத்தினார். கண்ணாடியை இறக்கினேன்.

"யக்கா, முன் டயரு! கோணலா ஆடுது! ஓரங்கட்டுங்க!"

காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்துவிட்டேன். வண்டி தானாக வேகம் குறையும் வரை பிரேக்கைத் தொடவில்லை. பின்னால் ஒரு லாரி விடாமல் ஹாரன் அடித்தது. சின்னாளபட்டிக்குப் பிரியும் சர்வீஸ் ரோட்டில் கார் உருண்டு இறங்கியபோது என் முதுகு முழுக்க நனைந்திருந்தது.

8.50. நல்ல வேளையாக நூறு அடியில் ஒரு டயர் கடை. வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, கையில் சக்கர ஸ்பேனர். பெயர் செல்வி என்று பிறகு சொன்னார். ஜாக்கி வைத்து, சக்கரத்தைக் கழற்றி, திருப்பிப் போட்டு, சோப்புத் தண்ணீரை ஊற்றினார்.

வெளியே தெரியாத உள்பக்கச் சுவரில் ஒரு கொய்யாக்காய் அளவுக்கு வீக்கம். அதன் ஓரத்தில் பொடிப்பொடியாக நுரை வந்தது.

"யக்கா, எம்புட்டுத் தூரத்துல இருந்து வாரீக?"

"நிலக்கோட்டை."

"இதோடயா?" நாக்கை மடித்து உச்சுக் கொட்டினார். "இன்னும் ரெண்டு கிலோமீட்டரு ஓடியிருந்தா வெடிச்சிருக்கும். வண்டி சுத்திக்கிட்டு நடுரோட்டுக்கு வந்துச்சுன்னா லாரிக்கு அடியிலதான்."

"ஒட்டுப் போட முடியாதாம்மா?" என்று காருக்குள் உட்கார்ந்திருந்த என் கணவர் கேட்டார். "பத்தரைக்கு ஆபீஸ்ல இருக்கணும்."

"ரோட்டுல படுற எடத்துல ஆணி ஏறுனா ஒட்டலாம்ணே. சைடுல போனா யாரும் ஒட்டக் கூடாது. நான் ஒட்ட மாட்டேன்." டயரின் மேல் பூசியிருந்த கறுப்பு மையை ஒரு துணியால் அழுத்தித் துடைத்தார். மைக்கு அடியில் ரப்பர் முழுக்க, வற்றிய கண்மாய்த் தரை மாதிரி வெடிப்பு. "டயரு எப்ப வாங்குனது?"

"ரெண்டு வருசம் ஆகுது. புதுசு," என்றேன் நான்.

செல்வி என்னை ஒரு மாதிரி பார்த்தார். டயரின் ஓரத்தில் விரலை வைத்தார். "இந்தா, நாலு நம்பர் இருக்கு பாருங்க. மொத ரெண்டு எத்தனாவது வாரம், கடைசி ரெண்டு எந்த வருசம்."

குனிந்து படித்தேன். கழித்துப் பார்த்தேன். பதினோரு வருடம். மற்ற மூன்று சக்கரங்களுக்கும் போய் முழங்காலிட்டுப் படித்தேன். ஒன்றுக்குப் பத்து, ஒன்றுக்கு ஒன்பது, ஒன்றில் அந்த எண்ணே தேய்ந்து போயிருந்தது.

நான் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய்க்கொண்டிருந்த மாதம், பக்கத்து வீட்டுக்காரரை ஓட்டச் சொல்லி என் கணவர்தான் இந்த டயர்களை மாற்றி வந்தார். "நீ ஓட்டப் போற வண்டியில்ல, நாலும் புதுசு" என்றார். பளபளவென்று இருந்தது. நானும் மஞ்சள், குங்குமம் வைத்தேன்.

காரின் கதவருகே போய் நின்றேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்னங்க, இது பழைய டயரா?"

அவர் மடியிலிருந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

செல்வி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார்.

"மொதல்ல ஆபீசுக்குப் போவம்," என்றார் அவர் கடைசியில். "இந்த ஒண்ண மட்டும் மாத்திட்டுக் கெளம்பு. மத்தத அப்புறம் பாத்துக்கலாம். நேரம் போகுது."

"நாலும் மாத்தாம நான் சாவியத் தொட மாட்டேன்."

"பத்தரை தப்பிருச்சுன்னா?"

"தப்பட்டும்."

நான் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. உள்ளே போய், இந்த அளவில் நாலு டயர் இருக்கிறதா என்று கேட்டேன். இரண்டுதான் இருந்தது. ஒன்று மூவாயிரத்து நானூறு ரூபாய். செல்வி தன் கணவருக்கு போன் போட்டார். மீதி இரண்டையும் அவர் திண்டுக்கல்லிலிருந்து பைக்கில் கட்டிக்கொண்டு வர வேண்டும். போன மாதம் தயாரானது என்று எண்ணைப் படித்த பிறகுதான் முதல் இரண்டையும் மாட்டச் சொன்னேன்.

ஒன்பதரை ஆயிற்று. பத்து ஆயிற்று. அவர் காருக்குள், நான் கடை வாசல் ஸ்டூலில். சுங்குடிச் சேலைக் கட்டுகளை ஏற்றிய ஆட்டோக்கள் வரிசையாகப் போயின.

10.10க்கு பைக் வந்தது. 10.40க்குக் கிளம்பினோம். ஸ்டீயரிங் ஒரு பக்கமும் இழுக்கவில்லை.

11.05. வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். பின்னால் ஒரு மண் மைதானம், அதில் பத்துப் பன்னிரண்டு வண்டிகள். நாங்கள் நுழையும்போது எங்கள் எண்ணைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள். ஆய்வாளர் இளைஞர். காக்கிச் சட்டையில் மடிப்புக் கலையவில்லை. நடந்ததைச் சொன்னேன். அவர் குனிந்து டயரைப் பார்த்தார். புது ரப்பரின் பொடி முடிகள் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தன.

"பரீட்சை ஹாலுக்கு வெளிய நின்னு படிக்கிற மாதிரி இருக்கேம்மா," என்றார். "சரி, கடைசில நில்லுங்க. பாக்குறேன்."

பன்னிரண்டரைக்குள் முடியாவிட்டால் மருத்துவமனையில் படுக்கை வேறொருவருக்குப் போய்விடும். 11.50க்கு எங்கள் முறை வந்தது. முன்விளக்கு, பின்விளக்கு, இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர். அவர் சொல்லச் சொல்லப் போட்டுக் காட்டினேன். புகைச் சான்று, இன்சூரன்ஸ். அவரே ஏறி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, வேகத்தில் பிரேக்கை மிதித்தார். கார் நேராக நின்றது. புழுதி மட்டும் முன்னே போனது.

பிறகு பானெட்டைத் திறக்கச் சொன்னார். வண்டியின் இரும்புச் சட்டத்தில் பொறித்திருக்கும் சேஸ் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்க வேண்டும். உதவியாளர் டார்ச் அடித்துத் தேடினார். பதினைந்து வருட அழுக்கு. எண் கிடைத்தது, ஆனால் கடைசி இலக்கம் தெளிவில்லை. மூன்றா, எட்டா?

"இது தெளிவா வரலன்னா இன்னைக்கு நான் கையெழுத்துப் போட முடியாதும்மா," என்றார் ஆய்வாளர்.

அப்போது பின்னாலிருந்து என் கணவர் வந்தார். காரின் மேல் கையை ஊன்றி ஊன்றி நடந்து வந்தார். "செத்த தள்ளுங்க சார்." தோளில் கிடந்த துண்டின் நுனியால் அந்த இடத்தை அழுத்தித் துடைத்தார். கண்ணைக் கொண்டு போகவில்லை. ஆள்காட்டி விரலை வைத்து மெல்ல நகர்த்தினார். "இடப்பக்கம் தொறந்திருக்கு சார். மூணுதான். துரு உள்ள அடைச்சிருக்கு." நகத்தால் சுரண்டி எடுத்தார். "இப்ப எடுங்க."

உதவியாளர் காகிதத்தை வைத்துத் தேய்த்தார். மூன்று வந்தது. ஆய்வாளர் பழைய ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருடம். நன்றி சொல்லக்கூட நிற்காமல் கிளம்பி, 12.50க்கு மருத்துவமனைக்குள் நுழைந்தோம்.

அவரை உள்ளே அனுப்பிவிட்டு, கட்டிக்கொண்டு போயிருந்த எலுமிச்சைச் சோற்றைக் காரிலேயே சாப்பிட்டேன். கேட்க வேண்டியதை எல்லாம் மனதுக்குள் கேட்டுப் பார்த்தேன். இரண்டு வருடம், வாரத்துக்கு மூன்று நாள், போக வர எழுபது கிலோமீட்டர். இருபத்தோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் அந்த டயர்களில் ஓட்டியிருக்கிறேன். மழையில், லாரிகளுக்கு நடுவில்.

மாலை 5.40. திண்டுக்கல்லை விட்டுக் கிளம்பினோம். அவர் சோர்ந்திருந்தார். இன்று கேட்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். அம்மையநாயக்கனூரில் நான்குவழிச் சாலையை விட்டு இறங்கியதும் அவரே பேசினார்.

"டயர் மாத்துனப்ப எனக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சு ஒரு மாசந்தான் ஆயிருந்துச்சு. புதுசு போட்டா அஞ்சு வருசம் ஒழைக்கும்னான் கடைக்காரன். அஞ்சு வருசத்துக்கு டயர வாங்கி நான் என்ன செய்யப் போறேன்னு தோணுச்சு. பழசே போதும்னுட்டேன்."

தோட்டங்களில் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. காரை ஓரமாக நிறுத்தினேன்.

"ஓட்டப் போறது நான்தான்னு தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அன்னைக்கு என்னய மட்டுந்தான் நெனச்சேன் சாந்தி. ஒன்னய நெனக்கல. தப்புத்தான்."

நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த கோபம் போய்விட்டது என்று எழுதினால் பொய். அது இருந்தது. அதோடு இன்னொன்றும் இருந்தது. சாகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரு மனிதர் தனியாக ஒரு டயர் கடையில் நின்றிருக்கிறார். அன்று வீட்டுக்கு வந்தவருக்கு நான் காபி போட்டுக் கொடுத்திருக்கிறேன். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. வண்டியை எடுத்தேன்.

ஊரை விட்டுப் போனவர்கள் திரும்பி வரும்போது ஊர் சின்னதாகத் தெரியும் என்பார்கள். எனக்கு அன்று அப்படித் தெரியவில்லை. பஸ் நிலையம், பூ மார்க்கெட், எங்கள் தெரு, எல்லாமே அது அது இருந்த இடத்தில் இருந்ததே பெரிதாகப் பட்டது. 6.45க்கு வீட்டு வாசலில் நிறுத்தி, அவர் பக்கத்துக் கதவைத் திறந்தேன். அவர் உடனே இறங்கவில்லை.

"வெள்ளிக்கிழமை எத்தன மணிக்குக் கெளம்பணும்?"

"பதினொண்ணுக்குக் கெளம்புனா போதும்."

"பத்து மணிக்கே என்னய வெளிய கூட்டிட்டு வந்து விடு," என்றார். "நாலு டயரையும் நான் தொட்டுப் பாக்கணும்."