இடப்பக்கம் பார்க்கும் மயில்

எங்கள் தெரு முனை ரொட்டிக் கடையில் இருக்கிற பெண் தன் இடது கையால் பொட்டலத்தை நீட்டுகிறாள். நான் என் இடது கையால் வாங்கிக்கொள்கிறேன். "லவ்லி" என்கிறாள். அவ்வளவுதான், வேறொன்றும் நடப்பதில்லை. வந்த புதிதில், வாங்கிய கையோடு ஒரு முறை பின்னால் திரும்பிப் பார்ப்பேன், யாராவது மண்டையில் குட்ட வருகிறார்களா என்று. ஏழு வருடமாகிறது, இன்னும் ஒருவரும் வரவில்லை. அயர்லாந்தில் கார்க் என்கிற ஊர் இது. வெயிலைத் தவிர எல்லாம் கிடைக்கும். இடது கைக்காரர்களுக்கென்று தனியாகக் கத்தரிக்கோல்கூட விற்கிறார்கள். அதைக் கண்ட அன்று, வெட்டுவதற்கு ஒன்றுமில்லாமலே ஒன்று வாங்கி வந்தேன்.

நான் பிறந்தது கடலூருக்குப் பக்கத்தில் குடிகாடு. தொழிற்பேட்டைக் காற்றைக் குடித்து வளர்ந்ததால் எனக்கு மூக்கு சரியாக வேலை செய்யாது என்பது என் மச்சானின் கண்டுபிடிப்பு. கை தப்பாக வேலை செய்யும் என்பதும் அவர் கண்டுபிடிப்புதான். அம்மா சோற்றை மட்டும் அடித்துத் திருத்தி வலது கைக்கு மாற்றிவிட்டாள். எழுத்தை விட்டுவிட்டாள். ஆக, பாதி திருந்தியவனாகவே நான் கல்யாண வயதுக்கு வந்து சேர்ந்தேன்.

மச்சான் என்றால் என் மனைவி மீனாவின் அண்ணன் ராஜேந்திரன். சிதம்பரத்தில் சிமெண்டு, கம்பி வியாபாரம். எதையும் நாலு பேர் இருக்கும்போதுதான் சொல்வார், தனியாகச் சொன்னால் அவருக்கு அது சொன்ன கணக்கில்லை. எங்கள் நிச்சயதார்த்தம் சிதம்பரத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெண்ணின் அண்ணனுக்கு மாப்பிள்ளை வேட்டி சட்டை வைத்த தட்டைக் கொடுக்கவேண்டும். தட்டோடு எழுந்தேன். அதே நொடியில் என் புதுப் பட்டு வேட்டி தன் விருப்பப்படி இறங்கத் தொடங்கியது. மானமா தட்டா என்கிற கேள்வி. வலது கை மானத்தைப் பிடித்துக்கொண்டது. இடது கை தட்டை நீட்டிவிட்டது.

மச்சான் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நல்ல கையால குடுங்க மாப்ள."

நான் வேட்டியை விடவும் முடியாமல் தட்டை மாற்றவும் முடியாமல் நின்றேன்.

"நொட்டாங்கையால குடுத்தா இந்த வூட்ல யாரும் வாங்கறதில்ல. போயி கையக் கழுவிட்டு, முதல்லேருந்து வாங்க."

போனேன். கழுவினேன். முதலிலிருந்து வந்தேன். இருநூறு பேர் பார்த்தார்கள். வீடியோக்காரர் இரண்டு முறையும் எடுத்து, முதல் முறையை மெதுவாக ஓடவிட்டு இசையும் சேர்த்துக் கொடுத்தார். அன்றிலிருந்து சிதம்பரத்தில் எனக்குப் பெயர் 'நொட்டாங்கை மாப்ள'. என் பெயர் அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. மீனாவுக்குச் செவிலியர் வேலை கிடைத்து, அவள் பின்னாலேயே நானும் விமானம் ஏறி, இங்கே ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போன பிறகு, 'வீட்டோட மாப்ள' என்பதும் சேர்ந்துகொண்டது. எந்த வீட்டோடு என்று கேட்டால், 'அயர்லாந்தோட' என்பார் மச்சான்.

ஒன்பது வருடம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். போன வருடம் மச்சானின் குரல் செய்தி வந்தது. புது வீடு கட்டுகிறாராம், கிரகப்பிரவேசத்துக்கு வந்தே ஆகவேண்டுமாம்.

"மாப்ள, ஹால்ல ஒரு செவுரு சும்மாக் கெடக்கு. அங்க வெள்ளக்காரங்க வூட்டுல மாட்டுறாப்புல ஏதாச்சும் கொண்டாங்க. கையால செஞ்சதா இருக்கணும், மெஷின் சாமான் இங்கயே ஜாஸ்தியா கெடைக்கிது."

கையால செஞ்சது! அந்தச் செய்தியைப் பதினோரு முறை கேட்டேன். எந்தக் கையால் என்று அவர் சொல்லவில்லை. பெட்டிகளுக்கு நடுவில் நின்று தனியாகச் சிரித்ததில் மேற்பார்வையாளர் எனக்கு உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்.

திட்டம் இதுதான். ஒரு பெரிய சுவர் அலங்காரம். முதல் முடிச்சிலிருந்து கடைசி முடிச்சு வரை என் இடது கையால் பின்னியது. அதை வலது கையால், மிகுந்த பணிவோடு கொடுப்பேன். ஹாலில், வருகிறவர் போகிறவர் எல்லாரும் பார்க்கிற இடத்தில் அவர் அதை மாட்டுவார். மாட்டி, ஊரெல்லாம் பாராட்டி முடித்த பிறகு, ஒரே ஒரு வாக்கியம் சொல்வேன். மச்சான் ஆயுசுக்கும் அந்தச் சுவரைப் பார்க்கும்போதெல்லாம் என் நொட்டாங்கை ஞாபகம் வரவேண்டும்.

ஒரே குறை, எனக்குச் சட்டைப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாது. எங்கள் வட்டார நூலகத்தில் புதன்கிழமைதோறும் பின்னல்காரர்கள் கூடுகிறார்கள். அங்கே போய் உட்கார்ந்தேன். பதினான்கு பேரில் ஆண் நான் ஒருவன். நான் தினமும் வேலைக்குப் போகிற பேருந்தை ஓட்டுகிற மேரியன் அங்கே இருந்தாள், என் வயதுதான். குரோஷா என்கிற கொக்கி ஊசியை நான் இடது கையில் எடுத்ததும், அவள் எழுந்து தன் நாற்காலியை எனக்கு நேரெதிரே போட்டுக்கொண்டாள். அவள் வலது கை செய்வதை, கண்ணாடியில் பார்ப்பதுபோல் என் இடது கை செய்தது. ஒருவர் என் கையைத் திருத்துவதற்குப் பதிலாகத் தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

கட்டம் கட்டமாகப் பின்னுகிற வகை அது. சில கட்டங்களை நூலால் அடைத்து, சிலதை ஓட்டையாக விட்டால் வெளிச்சத்தில் படம் தெரியும். நான் தோகையோடு நிற்கிற ஒரு மயிலைத் தேர்ந்தெடுத்தேன். வரைபடத்தில் மயில் வலப்பக்கம் பார்த்தது. இடது கைக்காரன் எதிர்த் திசையில் பின்னுவதால், என் மயில் இடப்பக்கம் பார்த்தது. இதைவிடப் பொருத்தமான கையெழுத்து எனக்கு வேண்டுமா? ஆனால் முதல் மாத முடிவில் தோகை சுருங்கி, உடம்பு உப்பிவிட்டது. மேரியன் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"டர்க்கி! கிறிஸ்துமஸுக்கா?"

வான்கோழி இல்லை, எங்கள் தேசியப் பறவை என்றேன்.

"தேசியப் பறவையையா சாப்பிடுவீர்கள்?" என்று அதிர்ந்துபோனாள்.

பிரித்துவிட்டு மறுபடி போட்டேன். பேருந்தில், இடைவேளையில், துணி துவைக்கிற இயந்திரத்தின் எதிரில். நான்கு மாதம். யாருக்காக இவ்வளவு பாடு என்று மேரியன் கேட்டாள். மனைவியின் அண்ணனுக்கு என்றேன்.

"என் அண்ணனுக்கு நான் ஒரு சாக்ஸ்கூடப் பின்னியதில்லை. அவ்வளவு பிரியமா?"

"இல்லை. பழிவாங்குகிறேன்."

கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, அதை எல்லோருக்கும் எடுத்துச் சொன்னாள். பதின்மூன்று பேருக்கும் நான் நகைச்சுவைக்காரனானேன். அதே மேரியன்தான் இன்னொரு நாள், "உன் வலது கையும் சும்மா இல்லையே, நூலை இழுத்துப் பிடித்து அளந்து விடுவது அதுதானே" என்றாள். அதைச் சத்தமாகச் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டேன்.

மீனா மட்டும் ஏமாறவில்லை. தோகையின் கடைசி வரிசை போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, பின்னும்போது ஏன் பல்லக் கடிக்கிறீங்க?"

சொல்லிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"செய்ங்க. குடுங்க. மனசுக்குள்ள சிரிச்சுக்குங்க. வாயத் தொறந்து சொல்லிடாதீங்க. அப்பா போனப்புறம் எனக்குப் பொறந்த வூடுன்னா அண்ணன்தான், அம்மாவும் அவருகூடத்தான் இருக்காங்க. வெள்ளிக்கெழம தவறாம போன் பண்றாரு. அது நின்னுபோச்சின்னா நான் யாருகிட்டப் பேசுவேன்?"

சத்தியம் செய்தேன், வலது கையால்தான்.

கடலூரில் அம்மாவைப் பார்த்துவிட்டு, சிதம்பரம் போய்ச் சேர்ந்தோம். கிரகப்பிரவேசத்தன்று என் மயிலை மச்சான் விரித்துப் பிடித்தார். மேலே மேரியன் கொடுத்த வழவழப்பான மரக்குச்சி, கீழே வரிசையாகக் குஞ்சங்கள். சொந்தக்காரர்கள் கூடிவிட்டார்கள். நான் ஹால் சுவரைப் பார்த்தேன், ஆணிகூட அடித்து வைத்திருந்தார்கள். அப்போது மச்சான் சொன்னார்:

"முருகனோட வாகனத்தப் போயி டிவிக்கி மேல மாட்றதா? பாவம் மாப்ள! பூஜை ரூம்புக்குக் கொண்டாங்க."

உலகத்தில் எத்தனை பறவைகள் இருக்கின்றன! வாத்து இருக்கிறது, கிளி இருக்கிறது. அந்த வான்கோழியையாவது அப்படியே விட்டிருக்கலாம். மயிலைப் போட்ட மடையன் நான். பூஜை அறையில் முருகன் படத்துக்கு மேலே என் மயில் ஏறியது. மாமியார் அதன் இரண்டு மூலைகளிலும் மஞ்சள் குங்குமம் வைத்தார். கற்பூரம் காட்டினார்கள். இருநூறு பேர் முன்னால் என் இடது கையைக் கழுவச் சொன்ன மச்சான், அந்தக் கை செய்த பறவைக்குக் கீழே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மூன்று முறை. நான் எண்ணினேன்.

மறைப்பானேன், சந்தோஷம் தொண்டைவரை வந்தது. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. ஹாலில் என்றால் அது எனக்கும் மச்சானுக்கும் உள்ள சண்டை. இங்கே முருகன் நடுவில் வந்து நின்றுவிட்டார். இனிமேல் சொன்னால் மாமியார் தாங்குவாரா? மீனா கும்பிட்ட கைகளின் மேலாக என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். சொல்லமாட்டேன்.

சொல்லாமல்தான் இருந்தேன், ஐந்து நாள். கிளம்புகிற அன்று, மீனா வண்டிக்குள் ஏறிவிட்டாள். என் வலது கையில் பெரிய பெட்டி. மச்சான் ஓடிவந்து, பண்ருட்டி முந்திரி இரண்டு கிலோ, ஒரு பையை நீட்டினார். என் இடது கை தானாகப் போனது. ஏழு வருட ரொட்டிக் கடைப் பழக்கம். மச்சான் பையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொண்டார். தெருவில் அண்டை அயலார், வண்டி ஓட்டுநர், இன்னும் நாலு பேர்.

"எத்தினி ஊருக்குப் போனா என்னா, இந்த நொட்டாங்கை திருந்தாது போல. நல்ல கை மாப்ள, நல்ல கை!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெட்டியைக் கீழே வைத்தேன். வலது கையால் முந்திரியை வாங்கினேன். பிறகு அவர் காதருகே குனிந்தேன்.

"மச்சான், அந்த மயிலு இருக்குதுல்ல, பூஜை ரூம்புல? அது மொத்தமும் நொட்டாங்கையால போட்டது. ஒரு முடிச்சு வுடாம."

அவர் முகத்தைத்தான் நான் ஒன்பது வருடமாக மனதில் வரைந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அது சுருங்கியது, வெளுத்தது. சரியாக நான் வரைந்த மாதிரியே. வண்டி புறப்பட்டது. கடலூர் தாண்டும் வரை நான் சீட்டியடித்தேன். மீனாவுக்கு விஷயம் புரிந்ததும் சீட்டி நின்றது.

முதல் வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. இரண்டாவது வெள்ளியும் வரவில்லை. மீனா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. அவள் போனைச் சாப்பாட்டு மேசையில் நிமிர்த்தி வைத்துவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டாள். அந்த முந்திரிப் பை பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. ஜெயித்தவன் இப்படியா இருப்பான்? மச்சானுக்கு நானே போன் செய்து மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்ததோடு சரி.

மூன்றாவது வெள்ளி போன் அடித்தது. வீடியோ அழைப்பு. மீனா எழுந்து ஓடினாள். மச்சான் வழக்கமான குரலில், சாப்பாடு ஆச்சா, மழை பெய்யுதா என்று அவளிடம் விசாரித்தார். மழை பெய்யாத நாளே கிடையாது என்று அவருக்கும் தெரியும். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எங்க அவரு?" என்றார். திரையில் பூஜை அறை வந்தது.

மயில் அங்கேயேதான் இருந்தது. ஆனால் வலப்பக்கம் பார்த்தது.

"திருப்பி மாட்டிட்டன் மாப்ள. ரெண்டு வாரமா தூக்கமில்ல. எறக்கிடலாம்னா அம்மா வுடல, முருகன் வந்து ஒக்காந்துட்டாருன்றாங்க. வுடலாம்னா எனக்கு மனசு கேக்கல. திருப்பிப் போட்டேன் பாருங்க, நொட்டாங்கை சோத்தாங்கையாயிட்டுது! இப்ப எல்லாம் செரியாப்போச்சி."

நூல் முனைகளை நான் ஒளித்து வைத்த பின்பக்கம் முழுக்க இப்போது முன்னால் இருந்தது. நான்கு மாதத்தில் நான் விட்ட பிழைகள் ஒவ்வொன்றும் வாலாகத் தொங்கின. அவற்றுக்கும் மாமியார் குங்குமம் வைத்திருந்தார். என்னைக் கையைக் கழுவிவிட்டு வரச் சொன்னவர், என் மயிலையும் முதலிலிருந்து வரவைத்துவிட்டார். மீனா, மூன்று வாரத்துக்குப் பிறகு, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்புறம் மாப்ள, ஹால் செவுரு இன்னும் சும்மாத்தான் கெடக்கு" என்றார் மச்சான்.

அன்றே ஆரம்பித்துவிட்டேன். இந்த முறை இரண்டு மயில்கள், அலகோடு அலகாக எதிரெதிரே. ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். இப்படி மாட்டினாலும் அப்படித் திருப்பினாலும், ஒன்று இடப்பக்கம் பார்த்தே தீரும். மச்சான் என்ன செய்வார் என்று பார்க்கத்தான் போகிறேன். மீனா முந்திரியை வறுத்து என் எதிரில் வைத்திருக்கிறாள். எடுத்துச் சாப்பிடத்தான் கை இல்லை. இடது கையில் ஊசி. வலது கையில் நூல். அந்த வலது கையைப் பற்றி மச்சானிடம் இதுவரை நான் மூச்சு விடவில்லை.