காதலர் தினத்து வயிற்றெரிச்சல்

ஹோட்டல் ரூம்பாய் வேலை என்பது, அடுத்தவன் படுக்கப்போகும் கட்டிலை ஆசை ஆசையாக விரித்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வருகிற வேலை. கண்டியில், ஏரி தெரிகிற மேட்டில் இருக்கிற ஒரு ஹோட்டலில் எனக்கு அதுதான் பிழைப்பு. ஊரே கொண்டாடும் நாளில் யூனிஃபோர்ம் மாட்டிக்கொண்டு ஓடும் நர்ஸம்மாமார், பஸ் கண்டக்டர்மார், பேக்கரிக்காரர்கள் எல்லாரும் இதை வாசித்தால் என் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று விளக்கம் கேட்க மாட்டீர்கள். உங்களுடையதும் அப்படித்தானே எரிகிறது!

லீவா, உனக்கா?

இந்த வருசம் காதலர் தினம் சனிக்கிழமையில் வந்து தொலைத்தது. என் மனைவி ராணிக்குப் பல்லேகலையில் கார்மென்ட் வேலை. அவளுக்கு அன்றைக்கு லீவு. கலியாணம் கட்டிய நாளிலிருந்து அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பேராதனைப் பூங்காவை ஒரு நாள் முழுக்க ஆறுதலாகச் சுற்றிப் பார்க்கணும், பிறகு ஏரிக்கரையில் உட்கார்ந்து ஐஸ்கிறீம் சாப்பிடணும். கண்டிக்குப் பக்கத்து வத்தேகமவில் குடியிருந்துகொண்டு இதைக்கூடச் செய்யவில்லை என்று வெளியில் சொன்னால் வெட்கம். பள்ளிக்கூடத்தில் கூட்டிக்கொண்டு போனபோது ஒருதரம் உள்ளே போனவள், அதோடு சரி.

இந்த முறை கட்டாயம் கூட்டிப்போகிறேன் என்று வாய் நிறையச் சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு எங்கள் சூப்பர்வைசர் மன்சூர் நானாவிடம் போய் லீவு கேட்டேன். மனுசன் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். சிரித்து முடித்து, கண்ணையும் துடைத்துக்கொண்டு சொன்னார்: “மத்தவன்ட கலியாணத்த சந்தோசமா வைக்கத்தான் தம்பி ஒனக்கு சம்பளம். ஒன்ட கலியாணத்த மார்ச்சில பாத்துக்கோ.”

வீட்டில் சொன்னபோது

வீட்டுக்குப் போய் எப்படிச் சொல்வது? பஸ்ஸில் வரும்போதே நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தேன். எந்த விதமாகச் சொன்னாலும் கடைசியில் நான்தான் பொய்யன். ராணி துணி அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். லீவு இல்லையாம் என்றேன். ஒரு சண்டை வரும், சோறு வைக்கும்போது தட்டு டங்கென்று விழும், நாலு நாளைக்கு முகம் கொடுக்க மாட்டாள், பிறகு சரியாகிவிடும். இதுதான் எங்கள் வீட்டு வழமை.

ஆனால் அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. அப்போதுதான் கவனித்தேன், அவள் அயன் பண்ணிக்கொண்டிருந்தது கார்மென்ட் யூனிஃபோர்ம் இல்லை, பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருந்த நீலச் சுடிதார். “அப்ப இதை ஏன் எடுத்து வச்சிருக்க? பயணம்தான் இல்லையே” என்றேன். அவள் கையை நிறுத்தாமலே சொன்னாள்: “லீவு இல்லாதது ஒங்களுக்குத்தானேங்க. எனக்கு இருக்கே.”

ரோசாப்பூ இதயம்

சனிக்கிழமை காலையில் வந்த முதல் ஜோடி கொழும்பு. பையன் சினிமாவில் நடிக்கலாம். பொம்பிளைப் பிள்ளை அவனைவிட அழகு. அவர்களுக்காக நான் கட்டில் நடுவில் ரோசாப்பூ இதழால் பெரிய இதயம் போட்டிருந்தேன். குனிந்து குனிந்து போட்டதில் இடுப்பு கழன்றுவிட்டது. பையனைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறாமை பொங்கியது. ஒன்றும் செய்யாமல் வந்து நிற்கிறான், அவனுக்கு இதயம். காலையிலிருந்து மாடு மாதிரி உழைக்கிறவனுக்கு இடுப்பு வலி.

கதவைச் சாத்திவிட்டு அடுத்த ரூமுக்குப் போகவில்லை, அதற்குள் பெல். ஏதோ சந்தோசம் தாங்காமல் கூப்பிடுகிறார்கள், டிப்ஸாக இருக்கும் என்று ஓடினேன். பையன் ஜன்னலோரம் போனை நோண்டிக்கொண்டிருந்தான். பிள்ளையும் போனுக்குள்ளேதான் இருந்தாள். கட்டிலைப் பார்க்காமலே கையை மட்டும் அந்தப் பக்கம் காட்டினாள்: “அண்ணா, ஃபோட்டோ எடுத்தாச்சு. இனி இதையெல்லாம் கூட்டி அள்ளிடுங்க.”

மற்ற அன்னம்

துவாயைச் சுருட்டி அன்னம் செய்வது எங்கள் தொழிலில் பெரிய வித்தை. இரண்டு அன்னம் செய்து மூக்கோடு மூக்கு முட்ட வைத்தால் நடுவில் இதயம் வரும். காதலர் தினப் பெக்கேஜில் அதுவும் அடக்கம். மேல் மாடி ரூமில் வைத்துவிட்டு வரும்போது ரிசெப்ஷனில் சொன்னார்கள், அந்தப் பெக்கேஜை எடுத்தது யாழ்ப்பாணத்து டீச்சரம்மா ஒருவராம், ஐம்பது வயதிருக்கும், தனியாகத்தான் வந்திருக்கிறாராம். ஐயோ பாவம் என்று ஆகிவிட்டது எனக்கு. தனியாக வந்த மனுசி ஜோடி அன்னத்தைப் பார்த்தால் மனசு என்ன பாடுபடும்? ஓடிப்போய் ஓர் அன்னத்தைப் பிரித்து மடித்து அலுமாரியில் வைத்தேன். ஒரு தலையணையையும் எடுத்துவிட்டேன். புண்ணியம் செய்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கீழே இறங்கி வந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அழைப்பு வந்தது. போனால், டீச்சரம்மா பல்கனியில் ஒரு கதிரையில் உட்கார்ந்து மற்றக் கதிரையில் காலை நீட்டியிருந்தார். இரண்டு பேருக்கான கேக்கில் பாதி போயிருந்தது. இரண்டு கிளாஸ் ஜூஸில் ஒன்று காலி, மற்றதை ஏரியைப் பார்த்தபடி குடித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் பங்கு கொடுக்கத் தேவையில்லாத அந்த முகத்தில் இருந்த நிம்மதி! காலையில் வந்த மாப்பிள்ளைமேல் வந்ததைவிட இந்த அம்மாமேல் எனக்குப் பொறாமை வந்தது. அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, கிளாஸ் டீச்சர் குரலில் கேட்டார்: “தம்பி, நான் முழுப் பெக்கேஜும் எடுத்தனான். ஆள் குறைஞ்சா அன்னத்தையும் குறைக்கச் சொல்லி உங்களுக்கு ஆர் சொன்னது?”

வான் டிரைவர் கண்டது

பின்னேரம் கன்டீனில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வான் டிரைவர் அந்தோனி வந்தான். கெஸ்ட்மாரைப் பூங்காவுக்கு ஏற்றிக்கொண்டு போய் வந்தவன். “அண்ணே, அக்காவைப் பார்த்தேனே! நீலச் சுடிதார், கூலிங்கிளாஸ். பெரிய மரத்தடியில உக்காந்து ஒரே சிரிப்பு” என்றான்.

கூலிங்கிளாஸா? எங்கள் வீட்டில் அப்படி ஒரு சாமானே கிடையாது. “யாரோட சிரிச்சா?” என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. “போனைத் தூக்கிப் பிடிச்சிக்கிட்டு சிரிச்சாங்கண்ணே. பக்கத்தில ஆள் இருந்துச்சான்னு நான் பார்க்கல” என்றான். பார்க்கிறதுக்கு என்னடா கேடு உனக்கு! பூங்காவில் அன்றைக்கு மரத்துக்கு ஒரு ஜோடி இருக்கும், அதற்கு நடுவில் இவளுக்கு என்ன சிரிப்பு? அவளுடைய நம்பருக்கு அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன். கட் பண்ணினாள். பிளேன்டீயைத் தள்ளி வைத்தேன். எனக்கு வந்ததைச் சந்தேகம் என்று சொல்ல வாய் வரவில்லை, பயம் என்று சொன்னால் சரியாக இருக்கும். என் முகத்தைப் பார்த்து, ஆறுதல் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு அந்தோனி சொன்னான்: “தப்பா நெனைக்காதீங்கண்ணே, அக்கா இவ்வளவு அழகுன்னு இன்னைக்குத்தான் கவனிச்சேன்.”

யாரோட போன?

வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டேன்: “யாரோட போன?” ராணி என்னை மேலும் கீழும் பார்த்தாள். போனை எடுத்து என் கையில் கொடுத்தாள். புதுக் கூலிங்கிளாஸோடு மரத்தடியில் அவள். மூங்கில் பக்கத்தில் அவள். ஏரிக்கரையில் ஐஸ்கிறீமோடு அவள். பாதிப் படத்தில் விரல் விழுந்திருந்தது, நெற்றி வெட்டுப்பட்டிருந்தது. எல்லாம் தானே எடுத்தது. எதிலும் வேறு ஆள் இல்லை. “நான் அடிச்சப்ப ஏன் கட் பண்ணின?” என்றேன். “ஐஸ்கிறீம் உருகுதுல்ல” என்றாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்தப் படங்களில் அவள் சிரித்த சிரிப்பை நான் வீட்டில் கண்டதில்லை. ஒருத்தன் இருந்திருந்தால் அவனோடு சண்டைக்குப் போகலாம், சட்டையைப் பிடிக்கலாம். இங்கே யார் சட்டையைப் பிடிப்பது? “நானும் இருந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்ல?” என்றேன். கேட்டேன் என்பதைவிடக் கெஞ்சினேன் என்பதுதான் சரி.

அவள் அன்றைக்கு வாங்கி வந்த புதுச் செருப்பைப் பையிலிருந்து எடுத்து, ஒரு காலில் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள் போலிருக்கிறது. பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள்: “நீங்க இருந்திருந்தா, வெயிலு, காலு வலிக்குது, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு சொல்லியிருப்பீங்க. அடுத்த வருசமும் நான் போவேன். வேணும்னா நீங்களும் வாங்க, ஆனா என்னை அவசரப்படுத்துறதா இருந்தா வராதீங்க.”

கண்ட கண்ட புதுமாப்பிள்ளைகளைப் பார்த்தெல்லாம் பொறாமைப்பட்டுத் திரிந்த நான், இப்போது என் மனைவியை அவ்வளவு சந்தோசமாக ஊர் சுற்றிக் காட்டிய அந்த ஒரே ஒரு ஆளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன், அந்த ஆளோ என் வீட்டுக் கதிரையிலேயே உட்கார்ந்து மற்றக் காலுக்கும் செருப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.