கொப்பியில் எழுதாத இரண்டு நாள்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். சிலது மறந்தும் போகிறது. பொறாமை மட்டும் மறக்கவில்லை.

மூதூர்ப் பக்கம் கடற்கரையோடு எங்கள் வீடு. கடற்பாசி வளருமா என்று பார்க்கப் பல்கலைக்கழகத்து மிஸ் ஒருவர் வந்தபோது, எங்கள் வீட்டுக்கு முன்னால்தான் கயிறு கட்டினார். பாசித் துண்டுகளைக் கயிற்றில் முடிந்து கரையோரத் தண்ணீரில் விடுவது. அப்போது எந்தக் கம்பனிக்காரரும் எட்டிப் பார்க்கவில்லை. உப்பைப் பார்க்கிற கருவி அடிக்கடி பழுதாகும். நான் தண்ணீரை நாக்கில் வைத்துச் சொல்வேன். மிஸ் சிரித்துக்கொண்டு, அதையும் குறிப்புக் கொப்பியில் எழுதச் சொல்வார். என் கையெழுத்திலேயே எழுதினேன்.

பாசி செழித்ததும் வான் வண்டியில் கம்பனி ஆட்கள் வந்தார்கள். என் முற்றத்துக் கதிரைகளில் உட்கார்ந்து பிளேன்ரீ குடித்தபடி ஆயிரம் கேள்வி கேட்டார்கள். எவ்வளவு ஆழம், எப்போது அழுகும், ஏன் அழுகும். மிஸ்ஸின் ஆராய்ச்சிச் செலவையும் ஏற்றார்கள். என்னிடம் கேட்டால் வெட்கத்தில் தேநீர் ஊற்றுவதுபோல் குசினிக்குள் போய்விடுவேன். ஆனாலும் சந்தோஷம்.

பிறகு கேள்விகள் குறைந்தன. செய்முறை முழுவதும் ஒரு தாளில் அடங்கிவிட்டது.

"இனி ஆராய்ச்சி தேவையில்லை அம்மா. கயிறும் கரையும்தான் வேணும்" என்றார் வந்தவர்.

என் கரை ஒடுக்கம். நாலு வீடு தள்ளியிருக்கும் மச்சாளின் கரை அகலம். அவள் என் புருஷனின் தங்கை; அவளுக்கு நானும் மச்சாள்தான். கயிறுகள் அங்கே மாறின. அவள் வேலிப் படலையில் கம்பனிப் பலகை ஏறியது. சுவரில் அந்தத் தாள். மிஸ் கொப்பியை என்னிடம் தந்துவிட்டுப் போனார். நாள்தோறும் தண்ணீரை நாக்கில் வைத்து எழுதுவதை நான் விடவில்லை.

அந்தப் பலகையைப் பார்த்தாலே வயிறு எரியும். கடைக்குச் சுற்றுவழியால் போவேன்.

"என்ன மச்சாள், எங்கட பக்கம் காணேல்ல? சயன்ஸ்காரி எங்களை மறந்திட்டீங்களோ?" என்று ஒருநாள் மச்சாள் என் வேலிக்கு வந்து கேட்டாள்.

"முழங்கால் ஏலாது" என்றேன்.

மாரி மழை தொடங்கியது. ஒரு காலை கடல் மண்நிறமாகக் கிடந்தது. மகாவலி ஆற்றுத் தண்ணீர் குடாவுக்குள் இறங்கிவிட்டது. நாக்கில் வைத்தேன். உப்பே இல்லை. இப்படியானால் மூன்றாம் நாள் நுனி வெளுக்கும், அதற்குள் கயிறுகளை உப்புள்ள ஆழத்துக்கு இழுக்கவேண்டும் என்று கொப்பியில் இருக்கிறது. தாளில் இல்லை. அதில் நல்ல நாளில் செய்வது மட்டும்தான்.

நாலு வீடு நடந்துபோய்ச் சொல்ல எனக்குக் கால் வரவில்லை. தாளே சொல்லட்டும் என்று இருந்தேன். இரண்டு நாள்.

மூன்றாம் நாள் மச்சாள் வெளுத்த பாசியோடு வந்தாள். "இது என்ன மச்சாள், உங்களுக்குத் தெரியுமே?"

"எனக்கென்ன தெரியும்? தாளில பாருங்கோ."

"பாத்தனான். அதில இல்ல."

அவள் பாசியை என் கையில் வைத்தாள்.

"ஆழத்துக்கு இழுங்கோ, கெதியா" என்றேன். அதற்குள் அரைவாசிக்கு மேல் அழுகிவிட்டது.

அடுத்த கிழமை வான் வந்தது. மறுபடியும் ஆராய்ச்சி வேண்டுமாம். மச்சாள் தன் படலையில் நின்று என் வீட்டைக் காட்டினாள்.

"அவவிட்டக் கேளுங்கோ. இந்தத் தண்ணியின்ர கதை அவவுக்குத்தான் தெரியும்."

நான் தெரிந்தும் சொல்லாமல் விட்டது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள். அந்த மனசிலும் எனக்குப் பொறாமை.

இப்போது கொப்பியைக் கேட்கிறார்கள். அந்த இரண்டு நாளும் அதில் வெறுமையாக இருந்தன. கொடுக்க முன் நிரப்பினேன்: "உப்பு இல்லை. எனக்குத் தெரியும். சொல்லவில்லை."

தண்ணீர் நிறம் மாறியது செவ்வாயா புதனா என்று மட்டும் நினைவில்லை. மச்சாள், அது உங்களுக்குத்தான் தெரியும். கொப்பியை முதலில் உங்களிடம்தான் கொண்டுவருகிறேன். வாசித்து, பிழையிருந்தால் திருத்தித் தாருங்கள்.