பதிவாகாத கேசட்டில் முப்பத்தெட்டு விநாடி

கண்ணாடிக் கடையில் அவளுக்கு 'டிகிரி அக்கா' என்று பெயர். இருபத்துமூன்று வருடமாக மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிற வேலை. லென்ஸ் இரண்டு டிகிரி சாய்ந்து உட்கார்ந்தால் போட்டவருக்குத் தலை கனக்கும். அவள் ஒரு டிகிரிக்கே சண்டைக்கு வருவாள்.

"அக்கா, அவர் படிக்கிறதே பஸ் போர்டு மட்டுந்தான், விடுங்க" என்று பில் போடுகிறவர் கெஞ்சுவார்.

"தப்பான பஸ்ல ஏறிட்டா நீங்க போய் இறக்கி விடுவீங்களா?"

வயது நாற்பத்துமூன்று. நான்கு வருடம் ஒருவரோடு குடும்பம் நடத்திவிட்டு, சண்டை சச்சரவு இல்லாமல் அப்பா வீட்டுக்கே திரும்பி வந்தவள். "உனக்குள்ள ஒரு அறை எப்பவும் பூட்டியே இருக்கு" என்று கடைசி நாளில் அவர் சொன்னார். அவள் மறுக்கவில்லை. பூட்டிய அறையில் என்ன இருக்கிறது என்று சொல்லவும் இல்லை.

அப்பா குடிநீர் இறைக்கும் நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். மணிக்கொரு தரம் குழாயின் அழுத்தத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது உத்தியோகம். உத்தியோகம் ஓய்ந்தது, எழுத்து ஓயவில்லை. எரிவாயு உருளை மாற்றிய தேதி, தண்ணீர் நின்றுபோன நேரம், மகளுக்கு ஏழு வயதில் வந்த காய்ச்சல் நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் எவ்வளவு ஏறி இறங்கியது என்பது வரைக்கும் நோட்டில் இருக்கிறது. அதே கையால் அவர் ரேடியோப் பாட்டுகளைக் கேசட்டில் பிடித்து வைத்தார். நூற்று எண்பத்தாறு கேசட். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: எண், தேதி, தொடங்கிய நேரம், பாட்டுகளின் வரிசை.

ரேடியோவுக்கு எதிரே டேப்ரிக்கார்டரை வைத்துப் பிடிப்பதால் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. சிவப்புப் பட்டன் அழுந்தியிருந்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது. எல்லாரும் கட்டுப்பட்டார்கள். அதனால்தான் அம்மா இறந்து முப்பத்திரண்டு வருடம் ஆன பிறகு, அத்தனை கேசட் இருந்தும், அம்மாவின் குரல் என்று வீட்டில் ஒரு வார்த்தை கிடையாது. எங்கோ ஒரு பாட்டின் நடுவில் பாத்திரம் விழும். எங்கோ வளையல் உரசும். அவ்வளவுதான்.

ஒரே ஓர் இடம் தவிர. அது மகளுக்கு மட்டும் தெரியும்.

அவளுக்கு அப்போது பத்து வயது. அப்பாவுக்குப் பகல் வேலை. இரண்டரை மணி நிகழ்ச்சியைப் பிடித்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மா பட்டனை அழுத்தினாள், பாயில் உட்கார்ந்தாள், இரண்டாவது பாட்டின் நடுவே பட்டனை மறந்து பேசிவிட்டாள். பேசி முடித்த பிறகுதான் கேசட் சுற்றுவது கண்ணில் பட்டது. சாயங்காலம் அப்பா வந்ததும், "பட்டனைச் சரியா அமுத்தல போலிருக்குங்க, பதிவாகல" என்றாள். திட்டு வாங்கிக்கொண்டாள். அப்பா அட்டையில் '117: பதிவாகவில்லை' என்று எழுதி, கேசட்டை அதன் இடத்திலேயே வைத்தார். பாழாய்ப் போனதும் வரிசையில் இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. அதற்குப் பிறகு அதை யாரும் போட்டுக் கேட்கவில்லை.

பதினான்கு மாதம் கழித்து அம்மா போனாள். ரொம்ப நாளாக உள்ளுக்குள் இருந்திருக்கிறது, முன்னாலேயே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் அப்பா ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்: "ஒரு அறிகுறியும் இல்லைங்க. இருந்திருந்தா எழுதியிருப்பேனே." அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் அத்தனை வருடம் எழுந்து நடமாடினார். அதைக் கேட்கும்போதெல்லாம் பதினொரு வயதுக்காரி கதவுக்குப் பின்னால் நின்றாள். நாற்பத்துமூன்று வயதிலும் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

ஒரு நாள் அப்பா கேசட்டுகளையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும் என்றார். நாடாவில் பூசணம் பிடிக்கிறதாம்.

"எதுக்குப்பா? இந்தப் பாட்டெல்லாம் போன்லயே கிடைக்குது."

"கிடைக்கும். நம்ம பாட்டை ஊரான் கம்ப்யூட்டர்ல எதுக்கு வைக்கணும்? நாளைக்கு அவன் கடையைச் சாத்திட்டா யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

மாட்டேன் என்றால் அவர் வேறு ஆள் பிடித்துச் செய்துவிடுவார். அதற்கு, தன் கண் முன்னால் நடப்பதே மேல் என்று நினைத்து அவளே செய்தாள். சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு சின்னக் கம்ப்யூட்டர், ஒரு ஹார்டு டிஸ்க். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வீடியோ பார்த்துப் பார்த்து, வீட்டுக்கென்று ஒரு பாட்டு சர்வரை நிறுவினாள். கூடத்து அலமாரியில், அம்மாவின் படத்துக்குக் கீழ்த் தட்டில் அது பச்சை விளக்கோடு உட்கார்ந்தது. அப்பா பழைய டேப்ரிக்கார்டரிலிருந்து ஒயர் போட்டு, நாளுக்கு இரண்டு கேசட் ஏற்றினார். ஏற்றியதெல்லாம் வரிசையில் சேரும். மற்ற நேரத்தில் அவர் ஷஃபிள் போட்டுவிடுவார்; எந்த வருடத்துப் பாட்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

எந்த எண் கேசட் வரை ஏறியிருக்கிறது என்ற பட்டியல், கடையில் இருந்தபடியே போனில் அவளுக்குத் தெரிந்தது. அதுதான் வினை. லென்ஸை மிஷினில் மாட்டிவிட்டுப் போனைப் பார்ப்பாள். 98. சாப்பிட்டுக் கை கழுவியதும் பார்ப்பாள். 99. பத்து நாளில் 115, 116 என்று வந்து நின்றது. அன்று ஒரு பெரியவரின் இடது லென்ஸை ஐந்து டிகிரி தள்ளிப் பொருத்தினாள். பில் போடுகிறவர் கண்ணாடியையும் பார்த்தார், அவளையும் பார்த்தார். "உங்களுக்கு உடம்பு சரியில்லையாக்கா?" என்றார்.

மறுநாள் காலை அப்பாவுக்குக் கண் பரிசோதனை. தானும் வருகிறேன் என்று சொல்லாமல், கடைக்கும் போகாமல் வீட்டில் நின்றுகொண்டாள். 117-ஐ எடுத்து மறைத்துவிடலாம். ஆனால் எண்ணிக்கை குறைந்தால் அவர் வீட்டையே பிரித்துப் போட்டுவிடுவார். பேச்சை மட்டும் அழிக்க வேண்டும். கேசட்டைப் போட்டாள். ரேடியோ இரைச்சலோடு முதல் பாட்டு ஓடி முடிந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் எடுத்து வந்து உட்கார்ந்தாள். இரண்டாவது பாட்டின் நடுவே அம்மா வந்தாள்.

"பாப்பா, அந்தத் தைலத்தை எடு. அங்க இல்லடி, இடப்பக்கம். நேத்தும் இங்கதான் வலி. போன வாரமும் இங்கதான்." கொஞ்ச நேரம் பாட்டு மட்டும். பிறகு ஒரு சிரிப்பு. "அப்பாகிட்ட மூச்சு விடாத. நோட்டுல எழுதிடுவார். எழுதிட்டார்னா தினம் காலையில எங்க வலிக்குது, எவ்வளவு வலிக்குதுன்னு கேட்டே என் உயிரை வாங்கிடுவார். நான் தும்மினாக்கூட நேரம் போடுற மனுஷன்." மறுபடி சிரிப்பு. "ஐயையோ, இது ஓடுதுடி!"

அவள் இரண்டு தரம் கேட்டாள்; இரண்டாம் தரம் கடிகாரத்தைப் பார்த்து அளந்துகொண்டாள். மூன்றாம் தரம் கேட்டால் அழிக்க முடியாது என்று பட்டது. நாடாவைப் பின்னால் சுற்றி, 'பாப்பா' வருகிற இடத்துக்கு முன்னால் நிறுத்தி, சிவப்புப் பட்டனை அழுத்தினாள். கடிகாரத்தைப் பார்த்து முப்பத்தெட்டு விநாடி உட்கார்ந்திருந்தாள், சட்டப்படி வாய் திறக்காமல். பட்டனை விடுவித்த பிறகுதான், போனில் ஒரு நகல் எடுத்திருக்கலாமே என்று உறைத்தது. உலகத்தில் இருந்த அம்மாவின் குரல் அவ்வளவும் அதுதான். அப்புறம் எழுந்து போய், திறந்தே கிடந்த ஃபிரிட்ஜ் கதவைச் சாத்தினாள்.

அடுத்த நாள் சாயங்காலம் அவள் கடையிலிருந்து வந்தபோது அப்பா மேஜையில் உட்கார்ந்திருந்தார். நோட்டு மூடியிருந்தது. அதுவே வழக்கம் இல்லை.

"பாப்பா, 117 பதிவாகியிருக்கு."

"அப்படியாப்பா?"

"அட்டை தப்பு. முப்பத்துமூணு வருஷமா தப்பா இருந்திருக்கு. வந்து இதைக் கேளு."

பாட்டு ஓடியது. டக் என்று நின்றது. அந்தப் பள்ளத்துக்குள் எங்கோ தூரத்தில் ஒரு பீப். மறுபடி பீப். டக். பாட்டு தொடர்ந்தது.

"இது என்ன சத்தம்?"

"தெரியலப்பா."

"எனக்குத் தெரியும். நம்ம ஃபிரிட்ஜ். கதவு சரியா சாத்தலன்னா கத்துமே, அது. வாங்கினது போன வருஷம் ஜூலை ஒன்பது. இந்தப் பாட்டு பதிவானப்போ நம்ம வீட்ல ஃபிரிட்ஜே கிடையாது. பானைத் தண்ணிதான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பேய்க்குக்கூட அவ்வளவு முன்யோசனை இருக்காது."

டேப்ரிக்கார்டரின் உள்ளேயே மைக் இருக்கிறது. சிவப்புப் பட்டனை அழுத்தினால் பழையது அழியும். இப்போதைய கூடம் பதிவாகும். சின்ன வயதிலிருந்து அந்தச் சட்டத்தோடு வளர்ந்தவள், அந்தச் சட்டம் எதற்கு இருந்தது என்பதை மறந்துபோனாள். தன் வாயை மட்டும் மூடிக்கொண்டாள்.

"அங்க என்ன இருந்துச்சு?"

நின்றபடியே சொன்னாள். முதலில் சுற்றி வளைத்தாள். "வார்த்தை மாறாமச் சொல்லு" என்றார். சொன்னாள். தைலம், இடப்பக்கம், நோட்டு, தும்மல், எல்லாம். சிரிப்பு வந்த இடத்தில் "இங்க சிரிச்சாங்க" என்றாள்.

அவர் அட்டையைக் கையில் எடுத்துத் தேதியைப் பார்த்தார். உதடு அசைந்தது. "பதினாலு மாசம்" என்றார். பிறகு, "உனக்கு வயசு பத்து" என்றார். அது திட்டா, மன்னிப்பா, வெறும் கணக்கா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"ரெண்டு தரம் கேட்டியா?"

"ஆமாப்பா."

"நான் ஒரு தரம்கூடக் கேக்கல" என்றார்.

இரண்டு நாள் அவர் பாட்டே போடவில்லை. சர்வரின் பச்சை விளக்கு மட்டும் அம்மாவின் படத்துக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் அவள் விடுமுறையில் இருந்தபோது, டேப்ரிக்கார்டரை மேஜையில் வைத்து, கேசட்டைப் பள்ளம் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தார்.

"உக்காரு. நீயே சொல்லு. அந்த இடத்துல அந்தப் பேச்சு இருக்கணும்."

"அது அம்மா குரலா ஆகுமாப்பா?"

"ஆகாது. அட்டையில உன் பேரைத்தான் எழுதப் போறேன். ஆனா ஃபிரிட்ஜ் கத்துறதை வச்சிக்கிட்டு என்னால இருக்க முடியாது."

"வேணாம்ப்பா. எனக்குப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றார்.

பாட்டின் மேல் ஏறிவிடக் கூடாது என்பதால் பட்டனைத் தொடாமல் மூன்று தரம் ஒத்திகை பார்த்தார். முதல் தரம் முப்பத்திரண்டு விநாடியில் ஓடி முடித்தாள். "ஓடாத. அவ என்ன பஸ்ஸுக்கா போனா?" என்றார். இரண்டாம் தரம் நாற்பத்தொன்று. மூன்றாம் தரம், 'போன வாரமும் இங்கதான்' என்ற பிறகு வந்த அந்த இடைவெளி அவள் கேட்காமலே வந்து அமைந்தது. எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்று வாய்க்குத் தெரிந்திருந்தது. நிறுத்திய இடத்தில் அவளுடைய கை, தானாக இடது விலாவுக்குப் போயிற்று. அப்பா அதைப் பார்த்தார். சிவப்புப் பட்டனை அழுத்தினார். அவள் சொன்னாள். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். முப்பத்தெட்டாவது விநாடியில் அவர் பட்டனை விடுவித்தார்.

அன்றே சர்வரில் ஏற்றிவிட்டார். 117 வரிசையில் சேர்ந்தது.

அதற்குப் பிறகு ஷஃபிளில் அது எப்போது வரும் என்று அவளும் எதிர்பார்க்காமல் இருக்கப் பழகினாள். நாலாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்றே முக்கால் இருக்கும். கொல்லையில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஏதோ பாட்டு. நடுவே ஒரு பொம்பளைக் குரல், "பாப்பா, அந்தத் தைலத்தை எடு" என்றது. அவள் துணியோடு இரண்டு எட்டு உள்ளே வைத்துவிட்டாள், எந்தத் தட்டில் தைலம் இருக்கிறது என்று யோசித்தபடி. அப்புறம்தான் அது தன் குரல் என்று ஞாபகம் வந்தது. வந்த பிறகும் நம்ப முடியவில்லை. அத்தனை வருடம் கடையில் 'அடுத்து யாருங்க' என்று கூப்பிட்ட குரல் அது இல்லை.

வாசற்படியில் நின்று பார்த்தாள். அப்பா மேஜையில் இருந்தார். அன்றைக்குத் தண்ணீர் வந்த நேரத்தை எழுதிக்கொண்டிருந்தவர், பென்சிலைக் கீழே வைத்து நோட்டை மூடினார். அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அலமாரிப் பக்கம் நாற்காலியைத் திருப்பினார்.

"நோட்டுல எழுதிடுவார்" என்றது குரல்.

"எழுத மாட்டேன்" என்றார் அப்பா. "சொல்லு."

குரல் சிரித்தது. ஓடுதுடி என்றது. பாட்டு விட்ட இடத்திலிருந்து எழுந்து போயிற்று. அவர் இன்னும் பதிலுக்குக் காத்திருப்பவர் போல அப்படியே உட்கார்ந்திருந்தார். யாரைச் சொல்லச் சொல்கிறார் என்று தெரியாமல், வெயில் சூடு ஆறாத துணியை மார்போடு பிடித்துக்கொண்டு, மகள் படியிலேயே நின்றாள்.