கூட்டமில்லாத ஒரு கடல்

கடலூரில் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் நாற்பத்தாறு வயது வரைக்கும் கடலில் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சில்வர் பீச்சுக்குப் போவோம். கணவர் சுண்டல் வாங்கப் போவார், நான் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி அலை ஓரமாக நிற்பேன். என்னுடையது கனத்த உடம்பு. சுற்றிலும் தெரிந்த முகங்கள். நனைந்த புடவையோடு அவர்கள் முன்னால் நடந்து வர எனக்கு மனம் வரவில்லை.

ஆசை மட்டும் இருந்தது. ஒரே ஒரு தடவை கடலில் மல்லாந்து மிதக்க வேண்டும். இதை யாரிடமும் சொன்னதில்லை.

மகள் படிப்புக்காக விடுதிக்குப் போன வருஷம், நானும் கணவரும் அந்தமான் போவதென்று முடிவாயிற்று. பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்யும் என் கொழுந்தனார் குடும்பத்தோடு ஏற்கெனவே போய் வந்தவர். வீட்டுக்கு வந்து செல்போனில் படம் படமாகக் காட்டினார். எல்லாம் அழகான கடற்கரைதான். ஆனால் ஒவ்வொரு படத்திலும் மாசி மகத்துக்கு வந்த மாதிரி கூட்டம்.

"நான் போன பேக்கேஜையே போட்டுடறேன் அண்ணி. எல்லாம் அவுங்களே பாத்துக்குவாங்க."

"எனக்கு ஆளே இல்லாத எடம் வேணும் தம்பி."

"ஆளு இல்லாத எடத்துல என்னா இருக்கும்?"

"கடல் இருக்கும்ல."

அவர் அண்ணனைப் பார்த்தார். கணவர், "அவ சொல்றபடியே போறோம்டா, பாப்போம்" என்றார். அவருக்கும் நம்பிக்கை இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

எனக்குச் சிதம்பரத்தில் வேலை. தினமும் காலையில் திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறிப் போவேன். அந்தப் பயணங்களில்தான் தேடத் தொடங்கினேன். யாரும் சிபாரிசு செய்யாத சின்னத் தீவுகளாகப் பார்த்து, செல்போன் வரைபடத்தில் வானத்திலிருந்து எடுத்த படத்தைப் பெரிதாக்குவேன். முதலில் பிடித்துப்போன கடற்கரை பிறை மாதிரி இருந்தது. ஆனால் அதன் ஓரத்தில் கரும்பச்சையாக ஒரு திட்டு, நடுவில் கோணல் மாணலாக ஓடை. பிச்சாவரத்தை எத்தனையோ தடவை பார்த்த கண்ணுக்கு அது அலையாத்திக் காடு என்று உடனே தெரிந்துவிட்டது. அந்தமானில் அப்படிப்பட்ட ஓடைகளில் முதலை இருக்கும் என்று படித்திருந்தேன். அதை விட்டுவிட்டேன்.

கடைசியில் இன்னொரு தீவு அகப்பட்டது. ஓடை இல்லை, அலையைத் தடுக்கப் பவளப்பாறை, கடற்கரைக்குப் போகக் காட்டு வழி. அங்கே அறை வாடகைக்கு விடும் ஒரு பெண்ணின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் தொடங்கியதும் அவர் சிரித்துவிட்டார்.

"தமிழ்லயே பேசுங்கக்கா. எங்க தாத்தா காலத்துலயே இங்க வந்துட்டோம்."

"முதலை?"

"நீங்க கேக்குற பக்கம் நாங்களே குளிப்போம். இருந்தாலும் வந்தன்னைக்கு ஃபாரஸ்ட்காரங்கள ஒரு வார்த்தை கேட்டுட்டு எறங்குங்க."

போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. படகில் கணவர் வாந்தி எடுத்தார். அறையில் மின்சாரம் இல்லை. "பேக்கேஜ்ல போயிருந்தா இந்நேரம் ஏசி ரூம்ல இருந்திருப்போம்" என்றார். எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. வனத்துறை ஆளிடம் கேட்டுக்கொண்டு காட்டு வழியில் நடந்தோம். செருப்பெல்லாம் சேறு, காலில் அட்டை. கணவர் முனகிக்கொண்டே வந்தார். மரங்கள் முடிந்த இடத்தில் சட்டென்று நின்றுவிட்டார். வளைந்த வெள்ளை மணல். கண்ணாடி மாதிரி பச்சைத் தண்ணீர். மணலில் நண்டு ஓடிய கோடுகளைத் தவிர ஒரு காலடித் தடம்கூட இல்லை.

"அடேங்கப்பா!" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்பிடிடீ கண்டுபுடிச்ச?"

நான் சுடிதாரைக் கழற்றினேன். உள்ளே முழுக்கை வைத்த நீச்சல் உடை. ஆன்லைனில் வாங்கி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தது. அவர் வாய் திறந்தபடி நின்றார்.

"எனக்கு மிதக்கச் சொல்லிக் குடுங்க."

வயல் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர் அவர். இடுப்பளவு தண்ணீரில் என் முதுகுக்கு அடியில் கை கொடுத்தார். முதல் தடவை பயத்தில் மடங்கினேன். மூக்கில் உப்புத் தண்ணீர் ஏறி இருமித் தீர்த்தேன். அடுத்த தடவையும் அப்படியே.

"கழுத்த வெறப்பா வெக்காத. தலைய பின்னால வுடு. காது ரெண்டும் முழுவட்டும்."

விட்டேன். காதுக்குள் உலகம் அடங்கி, பாறைப் பக்கமிருந்து எண்ணெயில் கடுகு பொரிவது போல மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. மேலே வானம், ஓரத்தில் மரங்களின் தலை. ஊரில் எனக்குப் பாரமாக இருந்த உடம்பைத் தண்ணீர் பூ மாதிரி ஏந்திக்கொண்டது.

"கைய எடுத்துடாதீங்க" என்றேன்.

"எப்பவோ எடுத்தாச்சி!" அவர் குரல் தள்ளி எங்கிருந்தோ வந்தது.

சிரித்ததில் வாய்க்குள் தண்ணீர் போய் மூழ்கினேன். துப்பிக்கொண்டு எழுந்து, மறுபடி மல்லாந்தேன். இந்தத் தடவை யார் கையும் தேவைப்படவில்லை. இரண்டு கைகளையும் விரித்து, அந்தக் கடல் முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. கணவரும் சேர்ந்து கத்தினார்.