பவுண்டு ஸ்டாம்பும் பிஸ்டனும்

செங்கல்பட்டில் ஆயில் இன்ஜின் பிரித்து மாட்டும் மொய்னுதீனுக்கு இரண்டு பிடிவாதங்கள் உண்டு. நட்டைச் சுத்தியலால் தட்டிக் கழற்றக் கூடாது. வேலை செய்யாத ஸ்டாம்பை ஸ்டாம்பு என்று ஒப்புக்கொள்ளக் கூடாது.

ஸ்டாம்பு சேர்ப்பது அவருக்கு இளம் வயதில் பிடித்த பழக்கம். ஆல்பத்தில் இங்கிலாந்துப் பக்கத்தில் ஒரு கட்டம் மட்டும் காலியாக இருந்தது. ராணியின் தலையும் கோட்டையும் போட்ட ஒரு பவுண்டு ஸ்டாம்புக்கான இடம் அது. அக்கா மகன் பஷீருதீன் இங்கிலாந்தில் ஃபேக்டரி வேலையில் இருந்தான். மாமாவின் ஆசை தெரிந்து புது ஸ்டாம்பு ஒன்றைக் கடிதத்துக்குள் வைத்து அனுப்பினான். முத்திரை விழாத ஸ்டாம்பு வெறும் காகிதம் என்று மொய்னுதீன் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த முறை அவன் அதைக் கடிதத்தின் மேலேயே ஒட்டி அனுப்பினான். அதுவும் ஆல்பத்தில் ஏறவில்லை.

"புள்ள ஒரு பவுண்டு குடுத்து ஒட்டிக்கீறான். இதுல இன்னா கொற கண்ட?" என்றாள் மனைவி சம்சாத் பேகம்.

"ஓரணா வேலைக்கு ஒரு ரூவா ஒட்டிக்கீறான். கைக்கொழந்தைக்கு அப்பன் ஷெர்வானிய மாட்டின மாதிரி கீது."

"அப்ப யார்தான் இத்த ஒட்டுவாங்க?"

"கனமான சாமான் ஏரோப்ளேன்ல வரணும்னா ஒட்டுவாங்க. நகைநட்ட இன்ஷூர் பண்ணி அனுப்பினா ஒட்டுவாங்க. தந்திக் காயிதத்துலகூட ஒட்டுவாங்களாம், அது ஆபீசோட தங்கிடும். நம்ம கைக்கு வந்தா பார்சல் மேலதான் வரணும். அதுவும் சுத்தின தாளோட. உரிச்சி எடுத்துட்டா எத்த சொமந்துகினு வந்துச்சின்னு எவனுக்குத் தெரியும்?"

"நல்லா கீது உன் நாயம்" என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

ஐம்பத்தேழாம் வருஷக் கோடையில் செய்யூர் தர்மராஜின் கிணற்று இன்ஜினில் பிஸ்டன் உடைந்தது. சீமையில் செய்த பழைய இன்ஜின். மெட்ராஸ் முழுக்கத் தேடியும் அந்த அளவு கிடைக்கவில்லை. கப்பலில் வரவழைத்தால் அதற்குள் நிலக்கடலை காய்ந்துவிடும். மொய்னுதீன் பஷீருதீனுக்குத் தந்தி கொடுத்தார். தந்தியில் ஸ்டாம்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

பார்சல் வந்தது. தடித்த பழுப்புத் தாள், அதன் மேல் கோட்டை, கோட்டையின் பாதியை மறைத்துக் கருப்பாக அப்பிய முத்திரை, பக்கத்தில் பென்சிலால் குறித்த எடை. மாமாவின் ஆசைக்காக இல்லாமல் எடைக்காக ஒட்டிய ஸ்டாம்பு. தபாலாபீஸ் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தவர், செய்யூர் பஸ் ஹாரன் அடித்ததும் பார்சலை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி ஏறினார்.

கிணற்றடியில் சிலிண்டரைத் தூக்கியபோதுதான் உறைத்தது. ஆயில் கசியாமல் இருக்க அடியில் வைத்திருந்த பழைய பேக்கிங் தாள் இரண்டாகக் கிழிந்து வந்தது. புது பேக்கிங் ஷீட்டு செங்கல்பட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அதை அவர் மறந்தது இதுவே முதல் தடவை. இனிக் காலையில்தான் பஸ்.

தர்மராஜின் மனைவி வேண்டா வரப்பில் நின்றாள். "கடலச் செடியோட விழுது மண்ணுல எறங்கற நேரம் பாய். மண்ணு கல்லாட்டம் கீது. இன்னிக்குத் தண்ணி காட்டலன்னா அவ்ளோதான்."

'ஷீட்டு இல்லாமல் மூட முடியாது, நாளைக்கு வருகிறேன்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அங்கே யாரும் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டார்கள். மொய்னுதீன் பிரித்து வைத்த பார்சல் தாளைப் பார்த்தார். சுங்க ஆபீசில் கத்தி வைத்துத் திறந்ததில் மற்ற பக்கங்கள் கிழிந்திருந்தன. ஸ்டாம்பு இருந்த பக்கம் மட்டும்தான் முழுசு.

"சொம்புல கொஞ்சம் தண்ணி குடும்மா" என்றார்.

ஈரத் துணியை ஸ்டாம்பின் மேல் வைத்து ஊறவிட்டு, நகத்தால் மெல்லத் தூக்கி எடுத்தார். அதைப் பஸ் டிக்கெட்டோடு சேர்த்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். தாளைத் தகரக் கூரையில் போட்டுக் காயவைத்தார். காய்ந்ததை இன்ஜினின் வாய் மேல் விரித்து, விளிம்போடு சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். அவர் பெயர் துண்டுதுண்டாக உதிர்ந்து, முத்திரையின் மிச்சப் பாதியோடு வளையம் தனியே வந்தது. இரண்டு பக்கமும் கிரீஸ் தடவி, வைத்து, மூடினார். நட்டுகளை எதிரெதிராகப் பார்த்து முடுக்கினார்.

பொழுது சாய்வதற்குள் இன்ஜின் பிடித்துக்கொண்டது. வாய்க்காலில் தண்ணீர் ஓடியது.

"இன்னா பாய், ஓடுதே! அப்பறம் ஏன் மூஞ்ச இப்டி வெச்சிகினு கீற?" என்றான் தர்மராஜ்.

"சும்மா இருப்பா. ஆயில் கசியுதான்னு பாத்துகினு கீறேன்."

கசியவில்லை.

ஸ்டாம்பு கட்டத்தில் ஏறியது, பாதி முத்திரையோடு, தாள் இல்லாமல். கொஞ்ச நாள் கழித்து, ஸ்டாம்பு மாற்றிக்கொள்ள மெட்ராஸிலிருந்து வந்த வரதன் அதைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இது நெஜமாவே பார்சல்ல வந்ததுன்னு எப்படி நம்பறது பாய்? சும்மா ஒட்டி முத்திரை குத்தினதா இருந்தா?"

மொய்னுதீன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

"செய்யூரு பஸ் ஏறு. தர்மராஜ் கெணறுன்னு கேளு. இன்ஜினப் பிரிச்சா, சிலிண்டருக்கு அடியில சாட்சி கீது. ஆனா கடலை பிடுங்கினப்பறம் போ. அதுக்கு முன்னால அது மேல கை வெச்சின்னா வேண்டா ஒன்ன உயிரோட வுடமாட்டா."