படத்தில் பிள்ளை இல்லை

நீங்கள் சிரிப்பதென்றால் முதலிலேயே சிரித்துவிடுங்கள், எனக்குக் கோபம் வராது. இதே கதையை வேறு யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். மன்னாரில் சின்ன வயதில், சேர்ச் வளவுக்குள் வெள்ளையாக ஒருத்தர் அசையாமல் நிற்கிறார் என்று பெடியங்கள் அலறிக்கொண்டு ஓடி வந்தபோது டோர்ச் எடுத்துக்கொண்டு தனியாகப் போய்ப் பார்த்தவள் நான். அங்கே கொடியில் காய்ந்துகொண்டிருந்தது சுவாமியாரின் அங்கி. பேய், ஆவி, கண்ணூறு ஒன்றையும் நான் நம்பியதில்லை, இப்போதும் நம்புகிறேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இது எனக்கு நடந்தது. எனக்கு மட்டும் நடந்திருந்தால் எப்போதோ மறந்திருப்பேன். நாலு பேருக்கு நடந்தது, அதுதான் கரைச்சல்.

கடையில் டிவிடி வாடகைக்கு எடுத்துப் படம் பார்க்கிற காலம் அது. கனடாவில், மொன்ட்ரியால்-நோரில் ஒரு பழைய வீட்டின் மேல்மாடியில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். வெளிப்பக்கமாக வளைந்து இறங்குகிற இரும்புப் படி, கீழ்வீட்டில் மிரேய் என்ற ஹெயிட்டிப் பெண்ணும் அவளுடைய சின்ன மகனும், அதற்கும் கீழே பேஸ்மென்ற்றில் வீட்டுக்கெல்லாம் சூடு தர எண்ணெயில் ஓடுகிற ஒரு கிழட்டு ஃபேர்னஸ். வீட்டுக்காரர் குளிர் தொடங்கினால் புளோரிடாவுக்குப் போய்விடுவார். என் கணவர் யூட்டுக்கு டோர்வல் விமான நிலையத்தில் பயணப் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை. மகள் ஷெரின் அப்போதுதான் தவழப் பழகியிருந்தாள், அதனால் நான் வேலைக்குப் போகவில்லை.

அந்தக் கிறிஸ்மஸ் மத்தியானம் சாப்பாட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி யூட்டின் தங்கச்சி டிலானி, சின்னதிலேயே இங்கே வந்து வளர்ந்தவள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். மற்றவர் சசி அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், சைவ சமயம், துறைமுகப் பக்கத்தில் கொண்டெயினர் இறக்குகிற இடத்தில் வேலை. தனி ஆள். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. எங்கள் கிறிஸ்மஸுக்கு ஒவ்வொரு வருஷமும் வருவார், ஆட்டிறைச்சிக் கறியை மட்டும் விலக்கிவிட்டு மற்றதெல்லாம் ரசித்துச் சாப்பிடுவார்.

காலையிலிருந்து பனி கொட்டியது. சாப்பிட்டு முடிந்து, ஷெரினைப் பின்னறையில் படுக்க வைத்துவிட்டு வந்து பார்த்தால், டிலானி ஒரு படம் போடுகிறாள். கிறிஸ்மஸ் படமாம். நான் மாதா படம் என்று நினைத்து இருந்துவிட்டேன், பிறகு பார்த்தால் கொலைப் படம். ஒரு கரோல் கோஷ்டி, பெரிய ஆட்கள்தான் எல்லாரும், மலையடிவாரத்தில் வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகிறார்கள், ஒவ்வொரு வீடும் முடிய அவர்களில் ஒருத்தர் குறைகிறார். பனிமனிதன் முகமூடி போட்ட ஒருத்தன் கடைசியில் நிற்கிறவரை இழுத்துக்கொண்டு போய் வெட்டுகிறான், மற்றவர்கள் திரும்பிப் பார்க்காமல் பாடிக்கொண்டே போகிறார்கள்.

எங்கள் வீட்டில் படம் பார்ப்பது என்றால் படத்தைவிடக் கதை அதிகம்.

“உவையளுக்கு எண்ணத் தெரியாதோ? வரேக்கை எத்தினை பேர், இப்ப எத்தினை பேர் எண்டு ஒருத்தனாவது பாக்கிறானோ?” என்றார் யூட்.

“இது படம் அண்ணா. லொஜிக் பாக்காதீங்கோ, மியூசிக்கைக் கேளுங்கோ, எவ்வளவு ஸ்கேரியா இருக்கு” என்றாள் டிலானி.

எனக்கு அந்த இரத்தம்தான் பிடிக்கவில்லை. பீற்றூட் அவித்த தண்ணி மாதிரி இருந்தது, கிறிஸ்மஸ் நாளில் இதென்ன கண்ராவி என்றும் சொன்னேன்.

சசி அண்ணைக்குக் கொலைகாரன்மேல்தான் இரக்கம். “உந்தக் குளிருக்கை கையுறை இல்லாமல் கத்தி பிடிக்கிறான் பாருங்கோ. தோல் இரும்போட ஒட்டிப் போகும். ஒரு நாள் எங்களோட வேலைக்கு வந்தானெண்டால் கொலையை விட்டிடுவான்.”

நாங்கள் சிரித்தோம். நான் எழும்பிக் கேக் வெட்டிக் கொடுத்தேன், கொஞ்சம் வைனும் இருந்தது. முதல் நாள் நடுச்சாமப் பூசைக்குப் போய் நித்திரை முழித்தது வேறு, தலை பாரமாக இருந்தது, எல்லாருக்கும் அப்படித்தான் என்று நினைத்தேன். நாலு மணிக்கே இருட்டிவிட்டது. யன்னலுக்கு வெளியே பனி, படத்துக்குள்ளும் பனி, ஒரு கட்டத்தில் எது எது என்று தெரியவில்லை. கீழே ஃபேர்னஸ் ஓடுகிற அதிர்வு காலுக்குள்ளால் ஏறி மெல்லத் தாலாட்டுகிற மாதிரி இருந்தது. கரோல் பாடுகிறவர்கள் எங்கள் வீட்டு இரும்புப் படியில் ஏறி வருகிறார்கள் என்று நினைத்தேன், நினைத்துவிட்டுப் பயப்படவில்லை, வரட்டும், கேக் இருக்குத்தானே என்றுதான் பட்டது. எல்லாரும் தொடர்ந்து அபிப்பிராயம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் சொற்கள் வாயை விட்டு வந்து நெடுநேரம் அந்தரத்தில் மிதந்துவிட்டுத்தான் காதுக்குள் போயின. நானும் ஏதோ சொன்னேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது கேட்டால் தெரியாது. அவ்வளவு சுகமாக இருந்தது, உண்மையைச் சொன்னால் என் வாழ்க்கையில் அப்படியொரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை.

அப்போதுதான் அந்தக் குரல். படத்தைப் பற்றித்தான் சொல்கிற மாதிரி, எங்கள் பேச்சுக்கு நடுவில், ஒரு அவசரமும் இல்லாமல்.

“அந்தப் பிள்ளையை ஒருத்தரும் யோசிக்கேல்லையே.”

யூட் திரையைப் பார்த்தபடியே பதில் சொன்னார். “எந்தப் பிள்ளை? உந்தப் படத்தில பிள்ளையே இல்லையே.”

ஓம், இல்லைத்தான் என்று நானும் நினைத்தேன். எல்லாரும் வளர்ந்த ஆட்கள். பிள்ளை எங்கே இருக்கிறது என்று மெதுவாக, மிக மெதுவாக யோசித்தேன். பிறகுதான் பின்னறை நினைவுக்கு வந்தது. மத்தியானம் படுத்தவள், இருட்டியும் ஒரு சிணுங்கல் இல்லை.

எழும்பினால் கால் என்னுடையது மாதிரி இல்லை. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனேன். ஷெரின் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். கன்னம் இரண்டும் ரோஸ் நிறமாக, கடையில் வைத்திருக்கிற பொம்மை மாதிரி. அவள் அவ்வளவு அழகாக இருந்ததை அதற்கு முன் நான் கண்டதில்லை. நம்புங்கள், நான் அப்படியே நின்று ரசித்துக்கொண்டிருந்தேன். தாய் ஒருத்தி அப்படி நிற்பாளா? நின்றேன். பிறகு தூக்கினேன், தலை பின்னால் தொங்கிப் போனது.

நான் கத்தினேன் என்று யூட் சொல்கிறார், எனக்குக் கேட்கவில்லை. அவர் ஓடி வந்து என்னையும் பிள்ளையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு கதவைத் திறந்து இரும்புப் படியில் இறக்கினார். பனிக்குள் விழுந்தேன். அந்தக் குளிர் முகத்தில் அடித்ததும்தான் உலகம் திரும்பி வந்தது. ஷெரினின் முகத்தைக் காற்றுப் பக்கம் திருப்பி முதுகைத் தேய்த்தேன், மாதாவே மாதாவே என்றதைத் தவிர எனக்கு ஒன்றும் வரவில்லை. யூட் திரும்ப ஏறிப் போய்ச் சசி அண்ணையைக் கக்கத்தில் பிடித்து இழுத்து வந்தார். டிலானி எங்களுக்கு முதலே இறங்கி, வெறுங்காலோடு பனிக்குள் நின்று, கீழ்வீட்டு மிரேயின் கதவை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஷெரின் அழுதாள். முதலில் பூனைக்குட்டி மாதிரி, பிறகு தெருவுக்கே கேட்கிற மாதிரி.

தீயணைப்புக்காரர் வந்தார்கள். பேஸ்மென்ற்றிலிருந்து புகை போகிற குழாயைப் பனி மூடியிருந்தது, மணமில்லாத அந்த நச்சுக் காற்று வீடு முழுக்க நிறைந்திருந்தது என்றார்கள். மிரேயையும் மகனையும் கதவை உடைத்துத்தான் எடுத்தார்கள், இரண்டு பேரும் நித்திரையில் கிடந்தார்களாம், உயிர் தப்பினார்கள். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் என்று ஒரு தீயணைப்புக்காரர் சொல்ல வந்து, என் கையிலிருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரம் சசி அண்ணை, முகத்தில் ஒட்சிசன் மாஸ்கோடு, எழும்ப எழும்பப் பார்த்தார்.

“யூட், அந்தப் பிள்ளையையும் எடுத்தாச்சோ?”

“ஷெரின் இஞ்சை இருக்கிறாள் அண்ணை, அழுகிறாள், கேக்கேல்லையோ?”

“அவள் இல்லையடா. சோபாவின்ர கரையில இருந்தவ. அந்தப் பொம்பிளை.”

டிலானி அதைப் பிரெஞ்சில் சொல்ல, அவர்கள் மேலே போய்த் தேடினார்கள். வந்து, ஒருவரும் இல்லை என்றார்கள். சசி அண்ணை விடவில்லை. இன்னொரு தரமும் போய், அலுமாரிக்குள்ளும் கட்டிலுக்குக் கீழும் பார்த்துவிட்டு வந்தார்கள். இல்லை.

ஆஸ்பத்திரியில் வைத்து நான் டிலானியைக் கட்டிப்பிடித்து, நீ பிள்ளையைப் பற்றிச் சொன்னபடியால்தான் என்ர பிள்ளை தப்பினாள் என்றேன். அவள் என்னை விலக்கிப் பார்த்தாள். “நான் சொல்லேல்லை அண்ணி. நீங்கள்தானே சொன்னீங்கள்?” யூட்டும் நான் சொன்னதாகத்தான் நினைத்திருந்தார். சொன்னது நானென்றால் பிறகு ஏன் எந்தப் பிள்ளை என்று நான் யோசிக்க வேணும்? டொக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தக் காற்றுத் தலைக்கு ஏறினால் இல்லாத குரல் கேட்கும், இல்லாத ஆள் தெரியும் என்றார். நாங்கள் தலையாட்டினோம். நாலு பேருக்கும் ஒரே நேரத்திலா என்று யூட் கேட்டதற்கு, அவர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

யூட் இலேசில் விடுகிற ஆள் இல்லை. படத்தில் யாரோ சொன்ன வசனமாக இருக்கும் என்று, அதே டிவிடியைத் திரும்ப எடுத்து வந்து, கீழே வசன எழுத்துகளை ஓட விட்டு, பட்டப் பகலில் முழுவதும் பார்த்தார். பிள்ளை என்ற சொல்லே இல்லை. படத்தில் பிள்ளையும் இல்லை. “குப்பைப் படம்” என்று மட்டும் சொல்லிவிட்டு டிவிடியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் நாங்கள் வீடு மாறினோம்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டேன்.

சில வருஷம் கழித்து டிலானிக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம். பெடியன் இங்கத்தைய பிரெஞ்சுக்காரன். லவாலில் அவன் வீட்டில் எங்களுக்கெல்லாம் ஒரு சாப்பாடு, சசி அண்ணையும் வந்திருந்தார். பேச்சு வாக்கில் டிலானி அவனுக்கு இந்தக் கதையைப் பிரெஞ்சில் சொன்னாள், குரல் சொன்ன இடம் வந்ததும் அதையும் பிரெஞ்சிலேயே சொன்னாள். எனக்கு அந்த அளவு பிரெஞ்சு விளங்கும். ஒரு சொல் பிழையாக இருந்தது.

“டிலானி, நீ லெஸான்ஃபான் எண்டெல்லே சொல்றாய்? பிள்ளையள் எண்டு. ஒரு பிள்ளையைத்தானே சொன்னது?”

“இல்லை அண்ணி, பிள்ளையள் எண்டுதான் சொன்னது. அதாலதானே நான் கீழ ஓடினனான். மற்றப் பிள்ளை ஆர் எண்டு யோசிச்சன், மிரேயின்ர மகன்தானே இருந்தவன்.”

“தமிழில என்னெண்டு சொன்னது?”

அவள் விழித்தாள். “தமிழிலயோ? எனக்குப் பிரெஞ்சிலதானே கேட்டது, நீங்கள் எனக்காகப் பிரெஞ்சில சொன்னீங்கள் எண்டு நினைச்சன். உங்களுக்குத் தமிழிலயோ கேட்டது?”

இத்தனை வருஷமும் யார் சொன்னது என்றுதான் சண்டை பிடித்தோம், எந்தப் பாஷையில் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. நான் சசி அண்ணை பக்கம் திரும்பினேன். அவர் ஒரு தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தார்.

“அண்ணை, உங்களுக்கு எப்பிடிக் கேட்டது?”

“எனக்குப் பிள்ளையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி” என்றார். “அது வேற விஷயம். பக்கத்தில இருந்து ஆறுதலாச் சொல்லிக்கொண்டிருந்தவ. முடிக்கேல்லை. அதுக்குள்ள யூட் வந்து இழுத்துப்போட்டான்.”

அவர் குரலில் கோபம் இல்லை. ஒரு சின்ன மனத்தாங்கல்தான் இருந்தது, நல்ல இடத்தில் ரேடியோவை நிப்பாட்டிவிட்டால் வருகிற மாதிரி. என்ன சொன்னா என்று யூட் கேட்டதற்கு, அது எனக்குச் சொன்னது என்றுவிட்டு உரித்த பழத்தைப் பிரித்து எல்லார் தட்டிலும் வைத்தார்.

விடைபெறும்போது வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவரிடம் நான் மெல்லக் கேட்டேன். “அண்ணை, அவ ஆர்?”

அவர் நிமிர்ந்து, நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்தவர் போல் பார்த்தார்.

“என்ன தங்கச்சி கேக்கிறீங்கள்? படம் ஓடேக்கை நீங்கள்தானே எழும்பிப் போய்க் கதவைத் திறந்து கூட்டிக்கொண்டு வந்து எனக்குப் பக்கத்தில இருத்தினீங்கள். கேக்கும் நீங்கள்தானே குடுத்தீங்கள்.”

எனக்கு அப்படி எதுவும் நினைவில் இருக்கவில்லை. சத்தியமாக இருக்கவில்லை. ஆனால் அன்று வீட்டுக்கு வருகிற வழியில், காருக்குள் இருக்கும்போது, தட்டை நீட்டியபோது என் விரலில் பட்ட ஒரு கை நினைவுக்கு வந்தது. வெளியில் நெடுநேரம் நின்றுவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தவர்களின் கை மாதிரி, சில்லென்று. அது முதலிலிருந்தே எனக்குள் இருந்ததா, அவர் சொன்ன பிறகு வந்து உட்கார்ந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தட்டை வாங்கிக்கொண்டு அவ எனக்கு நன்றி சொன்னா. என்ன பாஷையில் என்றுதான் இன்றைக்கும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.